முகாமா, குழுப் பேச்சா, கூட நிற்கும் ஆளா: குடும்ப வன்முறைக்கு எதிராக ஓர் ஊர் எதில் முதலில் இறங்குவது?

கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வாழையும் விளையும் ஊர் எங்களுடையது. பதினேழு மகளிர் குழுக்கள் சேர்ந்த கூட்டமைப்புக்கு நான் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் ஒரு திங்கட்கிழமை, தவணை கட்ட வந்த ஒரு பெண்ணின் வலது கையில் மாவுக்கட்டு. வாய்க்காலில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். வாய்க்காலில் அப்போது தண்ணீரே விடவில்லை. அது அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். பணத்தை எண்ணி வாங்கி, கையெழுத்துப் போட முடியாததால் இடது பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு அவளை அனுப்பிவைத்தோம். அந்த ரேகை என் நோட்டில் இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கூட்டமைப்பில் பேசி, ஒரு வருட வேலைக்காக 60,000 ரூபாய் ஒதுக்கினோம். நேரம் தரத் தயாராக எட்டுப் பெண்கள் இருந்தார்கள். எதைச் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. பெரிய முகாம் போடலாம் என்றார் ஒருவர். குழுக் கூட்டத்திலேயே மாதாமாதம் பேசலாம் என்றார் இன்னொருவர். ஆம்பளைகளிடம் பேசாமல் எதுவும் மாறாது என்று ஒரு அக்கா உறுதியாக நின்றார். மூன்று மாதம் விசாரித்தோம், வக்கீல்களையும் சமூக நலத் துறையில் இருப்பவர்களையும் பார்த்தோம். இதே யோசனையில் இருக்கும் வேறு ஊர்களுக்குப் பயன்படும் என்பதால், நாங்கள் எடைபோட்ட விதத்தை எழுதுகிறேன்.

எல்லா யோசனைகளையும் ஒரே கேள்வியால்தான் அளந்தோம். ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தி அடிபட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவைத் திறப்பவர் என்ன சொல்வார், என்ன செய்வார்? நாம் செலவழிக்கும் பணம் அந்த நேரத்தில் ஏதாவது வித்தியாசம் செய்யுமா?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் எப்போதாவது கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். நாடு முழுக்கப் பார்த்தால், உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. கேட்ட அந்தச் சிலரும் பெரும்பாலும் போய் நின்றது பிறந்த வீட்டில். போலீஸ், வக்கீல் எல்லாம் கடைசி. ஆக முதல் கதவு அம்மா வீடு, அதை விட்டால் பக்கத்து வீடு, குழுத் தலைவி வீடு. அங்கே இன்றைக்குக் கிடைக்கும் பதில் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: "பொறுத்துப் போ கண்ணு, பிள்ளைங்க இருக்குது, ஊரு என்ன சொல்லும்."

முதலில் முகாம். இதில் செலவு மிகக் குறைவு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் எழுதிக் கொடுத்தால் வக்கீலை அவர்களே அனுப்புவார்கள். நமக்குப் பந்தல், மைக் செட், டீ செலவு மட்டும்தான். ஒரே காலையில் இருநூறு பேர் காதில் விஷயம் விழும். விழ வேண்டிய விஷயங்களும் நிறைய இருக்கின்றன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்து 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டுமல்ல, கேவலமாகப் பேசுவது, செலவுக்குக் காசு தராமல் வைப்பது, நகையைப் பிடுங்கி அடகு வைப்பது, பாலியல் கட்டாயம் எல்லாமே அதில் வன்முறைதான். மனைவிக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் அக்கா தங்கைக்கும் அது பொருந்தும். குடும்பமாக வாழும் வீடு யார் பேரில் இருந்தாலும், சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவளை வெளியே தள்ள முடியாது. மாமனார் பேரில் இருக்கும் வீட்டுக்கும் இது பொருந்தலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலமும் வீடும் பெரியவர் பேரிலேயே இருக்கும் எங்கள் பகுதிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் வழக்குக்கு இலவச வக்கீல் உண்டு என்பதும் பல பேருக்குத் தெரியாது.

இவ்வளவு இருந்தும் முகாமை முதலாவதாக நாங்கள் வைக்கவில்லை. சில வருடம் முன்பு பக்கத்து ஊர் மண்டபத்தில் நடந்த முகாமுக்கு நான் போயிருந்தேன். நல்ல வக்கீல், நன்றாகவே பேசினார். பின்வரிசையில் ஊர் ஆண்கள் பத்துப் பேர் கைகட்டி நின்றிருந்தார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று மூன்று முறை கேட்டும் ஒருவர் வாய் திறக்கவில்லை. முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, எங்க பக்கத்து வூட்டுல ஒரு புள்ளைங்க, அதுக்கு ஒரு விஷயம் கேக்கணும்" என்று ஆரம்பித்தாள். அது அவளே என்று இரண்டாவது வாக்கியத்தில் புரிந்துவிட்டது. அதற்குள் வக்கீலின் கார் கிளம்பிவிட்டது. அவளுக்கு நான் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொன்னேன். எனக்கு அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முகாம் மதியம் ஒரு மணிக்கு முடிகிறது, அடி விழுவது ராத்திரியில். சட்டம் தெரிந்த பிறகும் போக இடமில்லை என்றால், "நீ அந்தக் கூட்டத்துக்குப் போனாயா" என்று அதற்கே இன்னொரு அடி விழக்கூடும். அறிவைக் கொடுக்கும் முன் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, குழுக் கூட்டத்தில் பேசுவது. இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுக்கள் 1989-இல் நம் பக்கத்துத் தருமபுரியில்தான் தொடங்கின. இன்றைக்கு எங்கள் பக்கம் குழு இல்லாத தெரு இல்லை. வாரமோ மாதமோ ஒருமுறை பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம் உட்கார எந்த மாமியாரும் தடை சொல்லாத ஒரே இடம் அது. இதை முறையாகச் செய்து பார்த்த அனுபவம் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் இருக்கிறது. சிறுகடன் வாங்கும் கிராமத்துப் பெண்களோடு, கடன் கூட்டத்திலேயே வன்முறை பற்றியும் ஆண் பெண் உறவு பற்றியும் தொடர்ந்து பேசினார்கள். முந்தைய ஒரு வருடத்தில் துணைவரிடம் அடிபட்டதாகச் சொன்னவர்கள் அந்தக் குழுக்களில் பாதிக்கும் மேல் குறைந்திருந்தார்கள். 55 சதவீதம் என்று 2006-இல் வெளியான ஆய்வு சொன்னது. கடன் மட்டும் கொடுத்துப் பேச்சை விட்ட குழுக்களையும் பின்னால் ஒப்பிட்டார்கள். அங்கே பணநிலை தேறியதே தவிர, வன்முறையில் அந்த மாற்றம் தெரியவில்லை.

இது எங்களுக்கு உறைத்தது. நாங்கள் இத்தனை வருடமாகச் செய்தது கடன் மட்டும்தான். கடன் பெண் பேரில், பணம் ஆண் கையில், தவணை மறுபடி பெண் தலையில் என்று ஓடும் வீடுகள் எனக்குத் தெரியும். தவணை நாள் நெருங்கும்போது அந்த வீடுகளில் சண்டை வருவதும் தெரியும்.

ஆனால் குழுப் பேச்சுக்கு ஒரு பெரிய குறை உண்டு. எங்கள் குழுக்களில் மாமியாரும் மருமகளும் நங்கையும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். அங்கே யாரும் தன் கதையைச் சொல்ல முடியாது, சொல்லச் சொல்லவும் கூடாது. பொதுவாகப் பேசலாம். "பொண்ணு அழுதுகொண்டு வந்தால் அம்மா என்ன செய்யணும்" என்று பேசலாம். மாமியார் அங்கே இருப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. அவருக்கும் கட்டிக் கொடுத்த மகள் உண்டு. மகளுக்காக யோசிக்கும்போது அவர் சொல்லும் பதில் வேறாக இருக்கும்.

மூன்றாவதுதான் நாங்கள் அதிக நேரம் விவாதித்தது: ஊருக்குள் நான்கைந்து பெண்களைப் பயிற்றுவித்து, அடிபட்டவளுக்குக் கூட நிற்கும் ஆட்களாக ஆக்குவது. தனியாகச் சட்ட மையம் எதுவும் நடத்த வேண்டியதில்லை. அரசு ஏற்கெனவே வைத்திருக்கும் இடங்களுக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. 181 எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவம், போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள், ஐந்து நாள் வரை தங்கவும் இடம் உண்டு. சமூக நலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கையை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். மனு கொடுத்தால் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் வர வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கிறது. அப்படி இழுக்கும்போதுதான் கூட ஓர் ஆள் தேவைப்படுகிறது.

கோபியிலிருந்து ஈரோட்டுக்குத் தனியாகப் போய் வராத பெண்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். எந்த பஸ், எந்த மாடி, எந்த மேஜை, எந்தக் காகிதம் என்று தெரியாமலேயே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். கூட வரும் பெண்ணுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காயத்துக்கு வைத்தியம் பார்க்கும்போது என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்லி, ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு, அப்படியே பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். வழுக்கி விழுந்தேன் என்று அங்கே எழுதிவிட்டால் பின்னால் அதைத் திருத்துவது பெரும்பாடு. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் இதன் நகல்களை நம்பிக்கையான வேறொரு வீட்டில் வைக்கச் சொல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவையும் அதே அளவு முக்கியம். அவள் கேட்காமல் போலீஸுக்குப் போகக் கூடாது. கணவனைக் கூப்பிட்டுக் கண்டிக்கப் போகக் கூடாது, அந்தக் கோபம் ராத்திரி அவள் மேல்தான் இறங்கும். அவள் திரும்பப் போகிறேன் என்றால் கோபிக்கக் கூடாது. பல பெண்கள் பல முறை போய்த் திரும்பிய பிறகுதான் முடிவெடுக்கிறார்கள். மூன்றாம் முறை தட்டும்போதும் கதவு திறக்க வேண்டும்.

இந்த வழியின் ஆபத்தை மறைக்க விரும்பவில்லை. உதவப் போகும் பெண்ணே வசவு வாங்குவாள், "குடும்பத்தைக் கெடுக்கிறவள்" என்ற பேர் வரும். நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுப்பவர் மேல் எந்த வழக்கும் போட முடியாது என்று சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. அது கோர்ட்டில் காப்பாற்றும், தெருக்குழாயடியில் காப்பாற்றாது. அதனால்தான் ஒருவரை மட்டும் போடக் கூடாது, இருவராகவே போக வேண்டும் என்று வைத்தோம். இன்னொன்றும் இருக்கிறது. ஐவரில் ஊருக்குள் சிலரும் காலனியில் சிலரும் இருக்க வேண்டும். தெரு பார்த்துப் பழகும் ஊரில் காலனிப் பெண் ஊருக்குள் வந்து கதவைத் தட்டுவாள் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். இதைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னபோது கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் ஒத்துக்கொண்டார்கள்.

யாரும் திட்டம் என்று சொல்லாத ஒரு திட்டமும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. சொந்தபந்தம் கூடிப் பேசி முடிப்பது. காசு செலவில்லை, அன்றைக்கே நடக்கும், கல்யாணம் நடத்தி வைத்த அருமைக்காரர், பங்காளி, மாமன் மச்சான் என்று மதிப்புள்ளவர்கள் உட்காருகிறார்கள். குடிக்க மாட்டேன், கை ஓங்க மாட்டேன் என்று அவனும் சொல்கிறான். நானும் இரண்டு மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே அவள் பேசியதாக எனக்கு நினைவில்லை, அவளுக்காக அவள் அண்ணன் பேசினான். கொடுத்த வாக்கு மீறப்பட்டால் என்ன என்ற கேள்விக்கு அந்த இடத்தில் பதில் இல்லை. மாஜிஸ்திரேட் கொடுக்கும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. பேசி முடிப்பதை நிறுத்தச் சொல்லி ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை. அடி விழுந்த வீட்டுக்கு அது மட்டும் போதாது என்று அந்தப் பெரியவர்களிடமே உட்கார்ந்து பேசலாம். அவர்களில் சிலர் கேட்பார்கள் என்பது என் அனுபவம்.

ஆண்களிடம் பேசும் வேலை பற்றிச் சொன்ன அக்கா சொன்னது சரிதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கி நேரே டாஸ்மாக் போகும் ஆட்களையும், மாதக்கணக்கில் லாரியிலும் போர்வெல் ரிக் வண்டியிலும் வெளிமாநிலம் போய்த் திரும்பி வந்த நாளிலேயே சந்தேகப்பட்டு அடிக்கும் ஆட்களையும் விட்டுவிட்டுப் பெண்களிடமே பேசிக்கொண்டிருந்தால் எவ்வளவு தூரம் போகும்? குடி ஒரு காரணம்தான், குடிக்காமலே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். உகாண்டாவின் கம்பாலாவில் சாசா என்ற திட்டத்தில் அந்தந்தத் தெருவின் ஆண்களும் பெண்களும் தங்கள் அக்கம்பக்கத்தாரிடம் அதிகாரம் பற்றி வருடக்கணக்கில் பேசினார்கள். அந்தப் பகுதிகளில் துணைவரின் உடல் வன்முறை மற்றப் பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்ததாக 2014-இல் எழுதினார்கள். ஆனால் அது சில வருட உழைப்பு, அதைத் தூக்கிச் செய்ய நல்ல ஆண்கள் வேண்டும். எங்களிடம் இப்போதைக்கு இருப்பது ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரும் ஒரு டீக்கடைக்காரரும்தான். இரண்டாம் வருடத்துக்கு வைத்திருக்கிறோம்.

வள்ளி கும்மி போடலாம் என்று இளம்பெண்கள் கேட்டார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் ஐயா பெண்களுக்கும் அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்து, 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்றைக்கு நோம்பி என்றால் ஊரே கும்மியடிக்கிறது. பாட்டில் இரண்டு வரி சேர்த்தால் ஆயிரம் பேர் கேட்பார்கள், செலவும் இல்லை. செய்யப் போகிறோம், ஆனால் அது அழைப்பு மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் உதவி எண் 1098 பற்றிச் சொல்வதைத் தலைமையாசிரியரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

சரி, முடிவு. 60,000 ரூபாயில் பாதியைக் கூட நிற்கும் ஐந்து பெண்களுக்காக வைத்தோம்: பயிற்சி, போன் ரீசார்ஜ், ஆட்டோ, ஈரோடு போய்வரும் செலவு, வேலைக்குப் போகாத நாளின் கூலி. 15,000 ரூபாய் குழுப் பேச்சுக்கு. 10,000 ரூபாயை யாரும் தொடாத அவசரப் பணமாக வைத்தோம். ராத்திரி கையில் பிள்ளையோடு வருபவளுக்குப் பால் வாங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. மிச்சம் 5,000 முகாமுக்கு, அதுவும் ஐவரும் தயாரான பிறகு. அன்றைக்கு வக்கீல் பேசி முடித்ததும், அந்த ஐந்து முகங்களையும் எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும். வக்கீல் போன பிறகும் அவர்கள் ஊரில் இருப்பார்கள்.

எல்லா ஊருக்கும் இதே கணக்கு ஒத்துவராது. தாளவாடி மாதிரி மலை ஊரிலிருந்து ஈரோட்டுக்கு வர, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க வேண்டும், ராத்திரி வாகனக் கட்டுப்பாடும் உண்டு. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கவே 40 வளைவுகள். அங்கெல்லாம் மாவட்ட மையத்தை நம்பித் திட்டம் போட முடியாது. ராத்திரி தங்க ஊருக்குள்ளேயே பாதுகாப்பான ஒரு வீட்டையும், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரையும் முதலில் பிடிக்க வேண்டும். திருப்பூர் லைன் வீடுகளில் நிலைமை வேறு. தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெண்ணுக்கு அம்மா வீடு பக்கத்தில் இல்லை. குழுவும் இல்லாமல் இருக்கலாம். அங்கே பனியன் கம்பெனியில் கூட வேலை செய்யும் பெண்ணும், லைன் வீட்டு ஓனரம்மாவும்தான் முதல் கதவு. இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருத்தி ஐவரில் இல்லையென்றால் அங்கே வேலை நடக்காது. முகாம்கூட அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் போட முடியும். ஏற்கெனவே நல்ல தொண்டு நிறுவனம் வேலை செய்யும் ஊர் என்றால், தனியாக ஆட்களைத் தயார் செய்யாமல் குழுப் பேச்சிலேயே பணத்தைப் போடலாம்.

பயிற்சியின் முதல் நாள் போன மாதம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. சட்டப் பிரிவு எதையும் எடுக்கவில்லை. கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொல்வது என்பதிலேயே காலை முழுக்கப் போயிற்று. "என்ன ஆச்சு" வேண்டாம் என்றார்கள், அது விசாரணை மாதிரி இருக்கிறதாம். "யார் அடிச்சா" அதைவிட மோசம். கடைசியில் காலனியிலிருந்து வந்திருந்த அக்கா சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: "உள்ள வா கண்ணு, உக்காரு. சாப்பிட்டயா? இன்னிக்கு இங்கயே படுத்துக்கோ, எங்க போறதுன்னு விடிஞ்சு பேசிக்கலாம்." மாவுக்கட்டோடு வந்த அந்தப் பெண்ணும் அன்றைக்கு வந்திருந்தாள். ஐவரில் ஒருத்தியாக இல்லை, டீ ஊற்றித் தர வந்ததாகச் சொன்னாள். மதியம் வரை கூடவே உட்கார்ந்திருந்தாள்.